உன் பையன் சொல்வதில் முக்கால்வாசி சரி

நாமக்கல்,
ஞாயிறு மாலை

மாப்ளே,

நேற்று போனில் நீ பேசியது பாதிதான் காதில் விழுந்தது. வலது காது ரெண்டு வருடமாக மந்தம், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பையன் பட்டறைக்குக் கம்ப்ரசர் போட்டு எல்லாவற்றையும் அழுத்தக் காற்றில் ஓடும் ஏர் டூலாக மாற்றலாம் என்கிறான், கரண்டில் ஓடும் கிரைண்டரும் டிரில்லும் இருக்கும்போது எதற்கு இந்தத் தண்டச் செலவு என்கிறாய் நீ, அதுதானே? அவன் சொல்வதில் முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசியில்தான் காசு போகும்.

ஐடிஐ முடித்ததும் நான் சேர்ந்த லாரிப் பட்டறையில் வீல் நட்டு கழற்றும் அழகை ஒருமுறை வந்து பார்த்துச் சிரித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? பாக்ஸ் ஸ்பேனரில் நீளமான பைப்பைச் சொருகி, அதன் நுனியில் ஏறி நின்று குதிப்போம். ஒரு வீலுக்குப் பத்து நட்டு, ஒரு வீல் கழன்று வருவதற்குள் சட்டை நனைந்துவிடும், துரு ஏறிய நட்டு என்றால் கூட ஒரு ஆளும் வேண்டும். பைப் வழுக்கி உடைந்த என் முன்பல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இப்போது காற்றில் ஓடும் ஒரு இன்ச் நட்டு கன்னை நட்டில் வைத்து அழுத்தினால் நாலைந்து வினாடி. உள்ளே ஒரு சுத்தியல் சுற்றிச் சுற்றி அடிக்கிறது, அந்த அடியில்தான் நட்டு விட்டுக்கொடுக்கிறது, நம் மணிக்கட்டுக்கு முறுக்கு பெரிதாக வராது.

கரண்ட் டூலை நீ எத்தனை முறை காயில் கட்டக் கொடுத்திருப்பாய்? கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் மோட்டார் திணறும், புகை வரும், முடிந்தது கதை. ஏர் டூலில் காயிலும் இல்லை, ஆர்மேச்சரும் இல்லை, காற்று தள்ளிச் சுற்றும் ஒரு ரோட்டரும் அதில் சில பிளேடுகளும்தான். லோடு தாங்காவிட்டால் சும்மா நின்றுவிடும், கையைத் தளர்த்தினால் மறுபடி ஓடும். மோட்டார் மூலையில் கம்ப்ரசரோடு கிடப்பதால் கையில் பிடிப்பதும் லேசு. உங்கள் ஊர் லோ வோல்டேஜ் கம்ப்ரசர் மோட்டாரை விட்டுவைக்காது, அது உண்மை. ஆனால் ஒரு மோட்டாருக்குப் பாதுகாப்பு ரிலே போட்டுக் காப்பாற்றலாம், பத்து டூலுக்குப் போட முடியுமா?

அப்புறம் பெயின்டுக்கு முன்னால் பூசும் பட்டியைத் தேய்க்கும் வேலை. தண்ணீர் ஊற்றித் தேய்க்கும்போது ஈரக் கையோடு கரண்ட் சாண்டரைப் பிடிக்கும் பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஏர் சாண்டரில் அந்தப் பயம் இல்லை. சித்திரை வெயிலிலும் டூல் ஜில்லென்று இருக்கும், காற்று விரியும்போது குளிர்ந்துவிடுகிறது. என் தாத்தா கோலார் தங்கவயலில் பாறை துளைத்தவர் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா? அங்கே டிரில் ஓடியதும் அழுத்தக் காற்றில்தான். டிரில் வெளியே விடும் காற்றுதான் சுரங்கத்துக்குள் கொஞ்சம் மூச்சாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் என்பார்.

சரி, அந்தக் கால்வாசிக்கு வருகிறேன். காற்று சும்மா கிடைப்பது, அழுத்தக் காற்று அப்படி இல்லை. ஓடும் கம்ப்ரசரின் தலைப் பக்கம் கையைக் கொண்டுபோ, நீ கட்டும் கரண்ட் பில் அங்கே சூடாகப் போவது தெரியும். 100 ரூபாய்க் கரண்டில் 10, 15 ரூபாய்தான் டூல் முனையில் வேலையாக மாறும். இதோடு லீக் வேறு. போன வருடம் பில் எகிறியது. ஒருநாள் ராத்திரி ஆட்கள் போனபிறகு தனியாக உட்கார்ந்திருந்தேன், எந்த டூலும் ஓடவில்லை, ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கம்ப்ரசர் தானாக எழுந்து ஓடுகிறது. சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜாயின்ட்டாகத் தடவிக்கொண்டே போனேன். கிரீஸ் டிரம்முக்குப் பின்னால் ஹோஸை மாட்டும் ஒரு கப்ளர் குழந்தை போலக் குமிழி ஊதிக்கொண்டிருந்தது. 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போதும் மாப்ளே, 7 கிலோ பிரஷரில் 5 எச்பி கம்ப்ரசர் தரும் காற்றை அதுவே குடித்துவிடும்.

அதனால் கன்னுக்குக் கொட்டும் காசைக் கம்ப்ரசருக்கும் பைப்புக்கும் கொட்டு. பஞ்சர் கடை சைஸில் வாங்கிவிட்டுக் கிரைண்டர் ஓடவில்லை என்று புலம்பாதே. 1 எச்பிக்குச் சுமார் 4 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 4 கன அடி காற்றுதான் கிடைக்கும், கிரைண்டரும் சாண்டரும் விடாமல் காற்றைக் குடிக்கிற ஜாதி. உனக்கு 5 எச்பி, 300 லிட்டர் டேங்க் சரியாக இருக்கும். டேங்க் நிறைந்திருந்தால் கரண்ட் போனபிறகும் ஒரு வீலைக் கழற்றி முடித்துவிடலாம். நட்டு கன், சாண்டர், ஸ்பிரே கன் வாங்கு. எப்போதோ ஒருமுறை இரும்பு வெட்ட உன் பழைய கரண்ட் கிரைண்டரே போதும், அதைத் தூக்கிப் போடச் சொன்னால் கேட்காதே.

பைப்புக்குப் பிவிசி வேண்டவே வேண்டாம், வெடித்தால் சில்லு சில்லாகப் பறக்கும். டேங்க் அடியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது டூலுக்குள் போகும், டேங்கும் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். தினமும் டூலில் நாலு சொட்டு எண்ணெய். நட்டைக் கன்னில் பூட்டினாலும் கடைசி முறுக்கு அளவு பார்த்து முறுக்கும் டார்க் ரெஞ்சில்தான், கன்னையே நம்பினால் நட்டு ஏறும் ஸ்டட் அறுந்துவிடும். வேலை முடிந்து சட்டைத் தூசியை ஏர் அடித்துத் தட்டும் பழக்கம் பையனுக்கு வரவே கூடாது, தோலில் ஒரு சின்னக் காயம் இருந்தாலும் காற்று உள்ளே புகுந்துவிடும், உயிருக்கே ஆபத்து.

காதுக்கு அடைப்பான் வாங்கிக் கொடு. கன் சத்தம் 100 டெசிபலைத் தொடும், நான் இருபது வருடம் வெறும் காதோடு நின்றேன்.

அடுத்த வாரம் அவனை இங்கே அனுப்பு, ரெண்டு நாள் என்னோடு இருக்கட்டும். காலையில் டேங்க் தண்ணீர் திறந்துவிடும் வேலையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன். எந்த பஸ் என்று எழுதிப் போடு, போனில் சொன்னால் எனக்குக் கேட்காது.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி