சனிக்கிழமை போய்விட்டு வா

அன்புள்ள யாழினிக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

விமானம் ஓட்டப் பழகும் உன்னைச் சனிக்கிழமை அந்தப் பெண் விமானிகள் சங்கம் கூப்பிட்டும் போகப்போவதில்லை என்றாய். பரீட்சை இருக்கிறது, போனாலும் தரையில் பெயிண்ட் அடித்து, சாண்ட்விச் தின்று, அரட்டை அடிப்பார்கள், அவ்வளவுதான் என்றாய். அந்த 'அவ்வளவுதான்' எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்தச் சங்கத்தின் பெயர் 'நைன்ட்டி நைன்ஸ்' என்று நீ சொன்னபோது ஏதோ வயதானவர்கள் சங்கம் என்று நினைத்தேன். அப்புறம் உட்கார்ந்து படித்தேன். 1929 நவம்பர் 2, நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் கர்ட்டிஸ் விமானத்தளம். விமானம் நிறுத்தும் கொட்டகை (ஹேங்கர்) ஒன்றுக்குள் 26 பெண்கள். பக்கத்தில் எஞ்சின் வேலை நடக்க, அந்த இரைச்சலுக்கு மேல் பேசியிருக்கிறார்கள். டீ எதில் வந்தது தெரியுமா? ஸ்பானர் வைத்துத் தள்ளும் டூல் வண்டியில். அப்போது அமெரிக்காவில் விமானம் ஓட்ட லைசென்ஸ் வைத்திருந்த பெண்களே 117 பேர்தான். எல்லாருக்கும் கடிதம் போட்டதில் 99 பேர் சேர்ந்தார்கள். பெயர் வைப்பதில் இழுபறி. சேர்ந்தவர்களின் எண்ணிக்கையையே வைத்துவிடலாம் என்றார் புகழ்பெற்ற விமானி அமீலியா ஏர்ஹார்ட். அதுவும் டீ குடித்துக்கொண்டு அடித்த அரட்டைதான்.

1987-ல் நான் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்த செக்‌ஷனில் பெண் நான் ஒருத்திதான். கால்வாய் சைட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்க வேண்டும், ஒதுங்க இடம் கிடையாது. தண்ணீரே குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பை வரவழைத்துக்கொண்டேன். மேலே இருப்பவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? வாயே திறக்கவில்லை. ஒரு ரிவ்யூ கூட்டத்துக்குப் போன இடத்தில், வேறு சப்டிவிஷன் அக்கா ஒருவர் கேன்டீனில் வடையைப் பிட்டுக்கொண்டே, "சைட்டுல எங்கம்மா போற?" என்று கேட்டார். எட்டு மாதத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள். "பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்து டீச்சரைப் பழக்கம் பிடிச்சுக்கோ, சாவி கொடுப்பாங்க." மறுநாளே போய்ப் பார்த்தேன். கொடுத்தார்கள்.

உனக்கு விமானத்தில் காலால் மிதிக்கும் ரடர் பெடல் எட்டவில்லை, முதுகுக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே ஏறும்போது துண்டு நழுவினால்? இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்கக் கூச்சம் என்கிறாய், சரி. அந்தக் கூட்டத்தில் உன்னைவிடக் குள்ளமாக ஒருத்தியாவது இருப்பாள். எந்த குஷன், எங்கே வாங்குவது என்று அவளைக் கேள். 1949-ல் பெங்களூர் ஜக்கூர் விமானப் பயிற்சிப் பள்ளியில் தேறிய முதல் பெண் உஷா சுந்தரம். அவருக்கு இப்படிக் கேட்க யார் இருந்தார்களோ.

அப்புறம் அந்த பெயிண்ட் வேலை. தரையில் பெரிய திசைகாட்டி வட்டம் என்றாய். காந்த வடக்கைப் பார்த்து வரைந்து, விமானத்தை அதன் மேல் நிறுத்தி, உள்ளே இருக்கும் காம்பஸ் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பார்களாமே. சர்வே சங்கிலி இழுத்தவளுக்கு இதைக் கேட்டாலே கை பரபரக்கிறது. நூல் பிடித்துச் சாக்பீஸால் கோடு போடும் இடத்தில் நில், கற்றுக்கொள்ளலாம். மார்கழியில் நீ போட்ட கோலமெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, எங்காவது ஒரு புள்ளி தவறியே தீரும். அதனால் வடக்கை மட்டும் அவர்களிடமே விட்டுவிடு.

பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு போ. கையில் பெயிண்ட் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தேய். போன வாரம் அனுப்பிய கைமுறுக்கு மிச்சமிருந்தால் டப்பாவோடு எடுத்துப் போ. தீர்ந்திருந்தால் இன்றே சொல், அடுத்த கூட்டத்துக்குச் சுட்டு அனுப்புகிறேன்.

அம்மா