லொறியின் பின் சில்லு உதறல் பற்றிய முறைப்பாடு

ஒட்டுசுட்டான்
10.07.2024

முகாமையாளர் அவர்களுக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

ஐயா / அம்மணி,

இதே விஷயத்தை வவுனியாக் கிளையில் மூன்று தடவை நேரில் சொன்னேன், உங்கள் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் இரண்டு தடவை சொன்னேன். வாயால் சொன்னது எங்கேயும் பதிவாகவில்லை என்று கடைசியாக ஒருவர் சொன்னார். சரி, எழுதுகிறேன். மகளின் கொப்பியில் கிழித்த தாள், கோபிக்க வேண்டாம்.

மே 2ஆம் திகதி வவுனியாக் கிளையில் என் லொறிக்கு நான்கு பின் ரயர் வாங்கி அங்கேயே பூட்டினேன். அளவு 7.00-16. நான்குக்கும் 168,000 ரூபா, பூட்டுக்கூலியும் சில்லு பலன்ஸ் பார்க்கும் காசும் வேறு. பற்றுச்சீட்டின் பிரதி இத்துடன் இருக்கிறது. லொறி 1994ஆம் ஆண்டு ஜப்பான் லொறி, பின்னுக்கு இரட்டைச் சில்லு. பழசுதான், நான் மறைக்கவில்லை. ஆனால் அன்று காலையில் அதே பழைய லொறிதான் ஒரு உதறலும் இல்லாமல் வவுனியாவுக்கு வந்தது. பின்னேரம் திரும்பும்போது ஓமந்தை தாண்டி ஐம்பத்தைந்தைத் தொட்டதும் டாஷ்போட்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையார் தலையாட்டத் தொடங்கினார். அறுபதில் சீற் முதுகோடு சேர்ந்து உதறியது. எழுபதைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஸ்ரியரிங் ஆடினால் முன் சில்லு, சீற் ஆடினால் பின் சில்லு. இது லொறி ஓட்டும் எவனுக்கும் தெரியும். ரயர் விற்கும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். மறுகிழமை போய் "பின்னுக்கு உதறுது தம்பி, ஸ்ரியரிங்கில் ஒன்றும் இல்லை" என்று தெளிவாகச் சொன்னேன். அவர்கள் முன் சில்லு இரண்டையும் கழற்றிப் பலன்ஸ் பார்த்து என்னிடம் காசும் வாங்கினார்கள். பின் சில்லுக்குக் கிட்ட ஒருவரும் போகவில்லை. திரும்பி வரும்போது ஓமந்தையில் பிள்ளையார் பழையபடி தலையாட்டினார்.

இரண்டாம் தடவை போனபோது, "புரொப்பெல்லர் சாவ்ட்டின் சென்ரர் பெயாரிங் போயிருக்கும், மாத்திப்போட்டு வாங்கோ" என்றார்கள். 9,500 ரூபாவுக்குப் பெயாரிங், 2,500 கூலி. மாற்றியும் உதறல் ஒரு மயிரிழை குறையவில்லை. கழற்றிய பழைய பெயாரிங் இப்போதும் என் வீட்டில் இருக்கிறது, கையால் சுற்றினால் சத்தமே இல்லாமல் சுற்றுகிறது. அறுபதில் வைத்து நியூற்றலில் போட்டுப் பார்த்தேன், எஞ்சின் இறங்கியது, உதறல் இறங்கவில்லை என்பதையும் அன்றே சொன்னேன். எஞ்சினில் பிழை இல்லை என்று அதிலேயே தெரிகிறதே. காது கொடுத்துக் கேட்க ஒருவரும் இல்லை.

அப்போதுதான் கவுண்டரில் இருந்த அந்தத் தம்பி பேசினார். ஒரு கையில் பிளேன்ரீ, மறு கையில் போன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அங்கிள், முப்பது வருச லொறி உதறாமல் என்ன செய்யும்? உங்களுக்கும் வயசு போனால் கை நடுங்கும்தானே." பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஐயா, எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, 2010இல் திரும்பி வந்து, வெறும் காணியில் தறப்பாள் கட்டி இருந்து, 2012இல் கடன்பட்டு வாங்கிய லொறி இது. என் கை நடுங்கவில்லை. நடுங்கினது நீங்கள் பூட்டிய சில்லு.

மூன்றாவது பயணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. "21ஆம் திகதி காலை எட்டு மணிக்கு வாங்கோ, பலன்ஸ் மெசின் பார்க்கிறவர் அன்றைக்கு நிற்பார்" என்று கிளையிலிருந்து போன் எடுத்துச் சொன்னார்கள். விடிய நாலரைக்கு வெளிக்கிட்டேன். உதறலோடு ஓட முடியாமல் நாற்பதிலேயே, நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக ஊர்ந்து போய்ச் சேர்ந்தால் சட்டர் பூட்டிக் கிடக்கிறது. பொசன் போயா, விடுமுறை நாள். நானும் கலண்டரைப் பார்த்திருக்க வேண்டும், அது என் பிழை என்று மனைவி சொல்கிறார். அவர் சொல்லலாம். நாள் குறித்துத் தந்த நீங்கள் சொல்ல முடியாது. காவலாளி மட்டும் ஒரு கதிரை போட்டுத் தண்ணீர் தந்தார். உங்கள் கம்பனியில் எனக்கு மரியாதை தந்த ஒரே மனிதர் அவர்தான், அதையும் பதிந்துகொள்ளுங்கள்.

உங்கள் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொல்கிறது. அழுத்தினேன். சிங்களத்தில் கதைத்தார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சில்லு உதறுவதை எப்படிச் சொல்வது? கையால் ஆட்டிக் காட்டினேன், போனில்.

நாலாம் தடவை ஒருவாறு பின் சில்லுகளைக் கழற்றினார்கள். அதிலும் இடப்பக்க நட் எதிர்த்திருகு என்பது தெரியாமல் உங்கள் பெடியன் ஸ்பனருக்குக் குழாய் மாட்டி இறுக்கிக்கொண்டே இருந்தார், நான் போய்ச் சொன்ன பிறகுதான் மறுபக்கம் திருப்பினார். பிறகு சில்லை மெசினில் ஏற்றி, நடுத்துளையில் கூம்பை வைத்து இறுக்கிச் சுற்றினார். பூச்சியம் காட்டியது. "பாருங்கோ, எங்களில பிழை இல்லை." இந்த லொறியின் சில்லு நடுத்துளையில் உட்காருகிற சில்லு இல்லையே! நட்டின் உருண்டை முகம் ரிம்மின் குழிந்த துளைகளில் உட்கார்ந்துதான் அதை நடுவுக்குக் கொண்டுவரும். மெசினில் பூச்சியம் வந்து எனக்கு என்ன பயன்?

கடைசியில் பிழையைப் பிடித்தவர் மாங்குளத்தில் தகரக் கொட்டிலில் கராஜ் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணை. மெசின் ஒன்றும் இல்லை. ஜக் வைத்துத் தூக்கி, ஒரு கட்டையில் கையை ஊன்றி, சோக்குத் துண்டை ரயருக்குக் கிட்டப் பிடித்துச் சில்லைக் கையால் சுற்றினார். இடப்பக்கம் ஒரு இடத்தில் மட்டும் சோக்கு கோடு இழுத்தது, மற்ற இடமெல்லாம் தொடவில்லை. வெளிச் சில்லைக் கழற்றினார். இரட்டைச் சில்லில் உள்ளுக்குச் சதுரத் தலை நட் ஒன்று, அதன் மேல் வெளி நட் ஒன்று என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளி நட் எல்லாம் பிசாசு மாதிரி இறுக்கம். உள் நட் ஆறில் மூன்றை அவர் விரலாலேயே திருப்பினார். விரலால்! உள் ரிம்மின் துளைகளைச் சுற்றிச் சிவப்புத் துருத்தூள், ஒரு துளை முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. இரண்டு ரிம்முக்கும் இடையில் உரிந்த பெயின்ற்றும் காய்ந்த சேறும். துடைக்காமலே வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். நாலாம் தடவையும் வெளி நட்டை இளக்கி உள் நட்டை இறுக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு நட்டைத் திரும்ப இறுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை, பற்றுச்சீட்டில் எழுதவும் இல்லை.

நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு, மேலே இரண்டு பிள்ளைகளை இருத்திக்கொண்டு நான் ஓடிய லொறி இது. சில்லு கழன்றிருந்தால் யார் பதில் சொல்வது? அந்தப் பிளேன்ரீத் தம்பியா?

இன்னொன்று. ரயரின் பக்கத்தில் இருக்கும் நாலு இலக்கத்தை அந்த அண்ணை காட்டினார். முதல் இரண்டு இலக்கமும் ரயர் செய்த கிழமை, பின் இரண்டும் ஆண்டு. மூன்று ரயரில் 1423. நாலாவதில் 3820. ஒரே விலை வாங்கிக்கொண்டு மூன்றரை வருசம் பழைய ரயரை நடுவில் செருகியிருக்கிறீர்கள். மனைவியின் தையல் நாடாவால் சுற்றளவு பார்த்தோம், பக்கத்து ரயரை விட நாலு சென்ரிமீற்றர் குறைவு. சோடியாக ஓடும் இரண்டில் ஒன்று சிறிதென்றால் அது இழுபட்டுத் தேயும் என்பதையும் நானா சொல்ல வேண்டும்?

அந்த அண்ணை துடைத்து, உள் நட்டை இறுக்கி, பிறகு வெளி நட்டை இறுக்கி, 3,500 ரூபாதான் வாங்கினார். மாங்குளத்திலிருந்து எழுபதில் வந்தேன். பிள்ளையார் அசையவில்லை.

நட்டத்தைக் கேட்டால், மூன்று இலட்சத்துக்குக் குறையாது. பெயாரிங், டீசல், பலன்ஸ் காசு, பதினொரு நாள் ஹயர், வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கடைச் சாமான் ஏற்ற வாய்த்து இன்னொருவருக்குப் போன ஹயர். கூட்டினால் கொஞ்சம் குறையலாம். என் மானத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டேன்.

நான் சண்டைக்காரன் இல்லை. உங்கள் ரயர் நல்ல ரயர், அதனால்தான் மற்றக் கடைகளை விட்டு உங்களிடம் வந்தேன். கேட்பது அதிகம் இல்லை. பழைய திகதி ரயரை மாற்றித் தாருங்கள். துளை பழுதான ரிம்மும் இடப்பக்க நட், ஸ்ரட்டும் உங்கள் செலவில். வாங்கிய பலன்ஸ் காசும் பெயாரிங் காசும் திரும்ப வேண்டும். அந்தத் தம்பி எனக்கு ஒரு போன் எடுத்து "ஐயா, பிழைதான்" என்று சொன்னால் போதும், அவருடைய வேலைக்குக் கேடு வருவது எனக்கு விருப்பமில்லை.

பதினான்கு நாள் பார்ப்பேன். அதற்குப் பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகும், அவர்களுடைய 1977 இலக்கத்துக்கு எடுத்தும் சொல்வேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று முல்லைத்தீவு மாவட்டச் செயலகத்தில் விசாரித்து வைத்திருக்கிறேன், ஆகஸ்ட் 2 வரை எனக்கு நேரம் இருக்கிறது. அங்கே கொடுக்கும் கடிதத்தில் இந்தளவு மரியாதை இருக்காது.

மறுபடி வவுனியாவுக்கு வரச் சொல்ல வேண்டாம், வரமாட்டேன். உங்கள் ஆள் ஒட்டுசுட்டானுக்கு வரட்டும். சாப்பாடு நான் தருவேன். சதுரத் தலை நட்டுக்கான சொக்கெற்றை மறக்காமல் கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெயரும் தொலைபேசி இலக்கமும் பற்றுச்சீட்டில் உள்ள வாடிக்கையாளர்

பி.கு.: வரும் நாள் போயாவா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லவும்.