மாஸ்க் வைக்கும் நேரத்துக்கு ஒரு பாட்டை அனுமதியுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட மருத்துவமனைகளின் மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஆபரேஷன் தியேட்டருக்குள் செல்போன், ஸ்பீக்கர், பாட்டுக் கருவி எதுவும் கூடாது என்று உங்களில் ஒருவர் அனுப்பிய சுற்றறிக்கை இப்போது மற்ற இடங்களின் அறிவிப்புப் பலகைகளிலும் ஏறிக்கொண்டிருக்கிறது. அது ஏன் வந்தது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கேஸ் நடக்கும்போது போன் பேசியதையும் படம் எடுத்ததையும் தடுத்தது சரிதான். ஆனால் அதே வரியில், குழந்தைகளின் தலைமாட்டில் இருந்த சின்ன ஸ்பீக்கரும் வெளியே போய்விட்டது. அதைத் திரும்ப உள்ளே விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

டான்சில், குடலிறக்கம், உதட்டுப் பிளவு என்று வரும் சின்னப் பிள்ளைகள் பலருக்கு முதலில் ஊசி குத்துவதில்லை. மாஸ்க் வைத்து செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவை மூச்சோடு கொடுக்கிறோம். நினைவு மங்கிய பிறகு, ஆழ்ந்த மயக்கம் வருவதற்கு முன் ஒரு கட்டம் உண்டு. கைகால் உதறும், மூச்சு தாறுமாறாகும், கண் அலையும். அந்த நேரத்தில் பிள்ளையைத் தொட்டு உலுக்கக் கூடாது, சத்தம் கூடாது என்பது மயக்கவியலின் பாலபாடம். தூண்டிவிட்டால் குரல்வளை இறுகி மூச்சடைக்கலாம். ஆக்ஸிஜன் அளவு கண்ணெதிரே சரியும்.

சரியாக அந்தக் கட்டத்தில்தான் நம் தியேட்டர்களில் பக்கத்து மேசையில் கருவித் தட்டைப் பிரித்துக் கொட்டுகிறார்கள், ஸ்டீல் மேல் ஸ்டீல். சோதித்துப் பார்த்த, சளி உறிஞ்சும் கருவியான சக்‌ஷன் அணைக்கப்படாமல் இரைகிறது. கதவைத் தள்ளிக்கொண்டு "அடுத்த கேஸ அனுப்பச் சொல்லட்டா?" என்று ஒரு குரல் வருகிறது. நாலு பேர் ஒரே நேரத்தில் "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்கிறார்கள். எல்லோர் முகத்தையும் துணி மூடியிருக்கிறது, நேர்மேலே விளக்கு. பிள்ளைக்கு அடையாளம் தெரிகிற மாதிரி அங்கே எதுவும் இல்லை. மயக்கத்தில் கடைசியாக அடங்குவது காது என்று நாம்தான் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். அந்தக் காதுக்குத் தருவது இதையா?

நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் அறைகளில் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லிவிட்டது. சாதாரணப் பேச்சே 60 டெசிபல் வரும்.

எங்கள் கோரிக்கை ஒன்றே. மாஸ்க் வைப்பதிலிருந்து மூச்சுக்குழாய் போட்டு முடியும் வரை தியேட்டரில் யாரும் தேவையின்றிப் பேசக் கூடாது, தட்டைப் பிரிக்கக் கூடாது. பிள்ளைக்குப் பழகிய ஒரு பாட்டு மட்டும் மெல்ல ஒலிக்க வேண்டும்.

இதற்குச் செலவு அதிகமில்லை. சிம் இல்லாத ஒரு பழைய போன், உள்ளங்கை அளவு ஸ்பீக்கர், பிள்ளைக்கொன்றாக மாற்ற ஒரு பிளாஸ்டிக் உறை போதும். பாட்டை முன்னாலேயே பதிவிறக்கி வைக்க வேண்டும். நெட்டில் நேரடியாகப் போட்டால் தாலாட்டின் நடுவே விளம்பரம் அலறும். ஸ்பீக்கரைப் பிள்ளை உள்ளே வருவதற்கு முன்பே ஆன் செய்ய வேண்டும். இணைந்துவிட்டேன், சார்ஜ் இல்லை என்று அது போடும் கூச்சலே ஒரு பிள்ளையை மிரட்டப் போதும். தலையிலிருந்து ஒரு கை தூரத்தில், மானிட்டருக்கு அருகில் வராதபடி வைக்கலாம். ஹெட்போன் வேண்டாம், மாஸ்க்கைப் பிடிக்கும் கைக்கு இடைஞ்சல், வயர் ஐவி லைனில் சிக்கும்.

எவ்வளவு சத்தம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆக்ஸிஜன் குறையக் குறைய பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் ஒலி சுருதி இறங்கும். மயக்க மருந்து டாக்டர் மானிட்டரைப் பார்க்காமலே அதைக் காதால் பிடிக்கிறார். பாட்டு அதை மறைத்தால் அது ஆபத்து. அதற்காக மானிட்டர் ஒலியைக் குறைக்கவே கூடாது, பாட்டைத்தான் குறைக்க வேண்டும். சாதாரணக் குரலில் சொல்லும் மருந்தின் அளவு பாட்டை மீறித் தெளிவாகக் கேட்க வேண்டும். மணியோசையோ, மானிட்டர் போலக் கீச்சிடும் ஒலியோ உள்ள பாட்டுகளைத் தவிர்த்துவிடலாம்.

எந்தப் பாட்டு என்பதை முந்தின நாள் வார்டிலேயே கேட்டுவிடலாம். ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் உருது, ஆந்திர எல்லையோரப் பிள்ளைக்குத் தெலுங்கு, வேலூருக்கு வங்காளத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு வங்காளம். எல்லோருக்கும் ஒரே சினிமாப் பாட்டைப் போட்டால் அதுவும் இன்னொரு சத்தம்தான். அம்மாவோ ஆயாவோ பாடுவதை மூன்று நிமிடம் பதிவு செய்துகொண்டால் அதைவிட நல்லது வேறில்லை. காதுக்கருவி போட்ட பிள்ளைக்கு மயக்கம் வரும்வரை அதைக் கழற்றாதீர்கள். ஓசையே ஆகாத பிள்ளைகளும் உண்டு, ஆட்டிசம் உள்ளவர்களில் குறிப்பாக. அவர்களுக்கு மௌனம் மட்டும் போதும்.

ஆழ்ந்த மயக்கத்தில் பாட்டு வலியைக் குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. அதற்காக நாங்கள் வாதாடவில்லை. ஆபரேஷன் முழுக்கப் பாட்டு ஓட வேண்டியதுமில்லை. வாயுவை நிறுத்தியதும் அதே பாட்டை மறுபடி போட்டால் போதும். செவோஃப்ளூரேனிலிருந்து விழிக்கும் சின்னப் பிள்ளைகள் பலர் யாரையும் அடையாளம் தெரியாமல் கத்திப் புரளுவார்கள். மயக்கத்துக்குள் போகும்போது மிரண்ட பிள்ளைக்கு அது அதிகம். அங்கேயும் முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். வலி மருந்துக்குப் பாட்டு மாற்றல்ல.

சொல்ல வந்தது சத்தத்தைப் பற்றி, ஆனாலும் இதை விட முடியவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பன்னிரண்டு மணிக்குமேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று இன்னும் எழுதித் தருகிறீர்கள். தெளிந்த நீரை மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தரலாம் என்பது பழைய விதி, இப்போது பல நாடுகளில் ஒரு மணி நேரம்தான். ஆபரேஷன் லிஸ்ட் தள்ளிப்போய் மதியம் பன்னிரண்டுக்கு நாக்கு வறண்டு வரும் பிள்ளையை எந்தத் தாலாட்டு தேற்றும்? பெரியவர்கள் லிஸ்டை நாம் மாற்றலாம், பசியை அந்தப் பிள்ளையால் தள்ளிப்போட முடியாது.

கோபமாக எழுதிவிட்டதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வேண்டுகோள் சிறியது. சுற்றறிக்கையில் ஒரு வரி சேருங்கள்: "குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கும்போதும் தெளியும்போதும், மயக்க மருந்து டாக்டரின் பொறுப்பில் ஒரு ஸ்பீக்கர் அனுமதிக்கப்படும், அந்நேரம் தியேட்டரில் மௌனம் காக்கப்படும்." அடுத்த குழந்தைகள் லிஸ்டுக்கு முன் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அறுவை அரங்குச் செவிலியர்கள், மயக்கவியல் டெக்னீஷியன்கள்