செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கசிவுநீர்க் குட்டையும் ஒரு நீர்வண்டும்

தலைவர் ஐயா அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நமது இயற்கை ஆர்வலர் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டு நடவடிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஆடியில் பள்ளி வளாகத்தில் புங்கனும் வேம்பும் நட்டோம், பெரும்பாலானவை பிடித்துக்கொண்டன. தை மாதம் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குப் போய் வந்தோம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் என்பதால் பிள்ளைகள் ஆர்வமாக வந்தார்கள். பாம்புக்கடி முதலுதவி பற்றி மருத்துவர் ஒருவர் பேசினார். மூத்த உறுப்பினர் ஒருவரை இந்த ஆண்டு இழந்தோம். அவர் குடும்பத்தாருக்குச் சங்கத்தின் சார்பில் ஆழ்ந்த இரங்கல்.

இந்த ஆண்டின் பெரிய வேலை நீர்வண்டு வேலைதான்: நம் ஊர்க் குட்டையில் கிடைத்த ஒரு வண்டு இதுவரை பெயரிடப்படாத சிற்றினமா என்று பார்ப்பது. “செயலாளர் சங்கத்தை விட்டுவிட்டு வண்டு பிடித்துக்கொண்டு திரிகிறார்” என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கீழ்பவானி வாய்க்கால் நமக்குப் புதிதல்ல. பவானிசாகரில் தொடங்கி சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டி முதல் போகத்துக்குத் தண்ணீர் விட்டால், கரைக்குக் கீழே உள்ள பள்ளங்களிலும் கிணறுகளிலும் கசிவு எடுக்கும். அப்படிக் கசிவிலேயே நிற்கிற ஒரு குட்டை நம் ஊர் எல்லையில் இருக்கிறது. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் கோரை, நடுவே மாடு இறங்குகிற துறை. மட்டையும் இலையும் விழுந்து மக்கிக் கிடக்கும். பார்ப்பவர்களுக்கு அது பராமரிப்பில்லாத குட்டை. வண்டுக்கு அதுதான் வீடு.

நம் குட்டைகளில் கண்ணில் படுகிற வண்டுகளில் இரண்டு குடும்பங்கள் முக்கியமானவை. ஒன்று வேட்டையாடும் டைட்டிசிடே. அவை பின்னங்கால் இரண்டையும் ஒரே நேரத்தில் உதைத்து நீந்தும். மூச்சுக்குப் பின்புறத்தை மேலே கொண்டுவரும். இன்னொன்று ஹைட்ரோஃபிலிடே. கால்களை மாற்றி மாற்றிப் போட்டு, நடப்பதுபோலவே நீந்தும். மூச்சுக்குத் தலையைத்தான் மேலே கொண்டுவரும். முனை தடித்த உணர்கொம்பால் நீரின் மேற்பரப்பை உடைத்துக் காற்றை இழுத்து, இறக்கை ஓட்டுக்கு அடியிலும் வயிற்றிலுள்ள நுண்மயிர்களிலும் சேர்த்துக்கொள்ளும். அதனால்தான் தண்ணீருக்குள் பார்த்தால் அதன் அடிப்பக்கம் வெள்ளித் தகடாக மின்னும். வளர்ந்த வண்டுகள் பெரும்பாலும் மக்கிய செடிகொடியைத் தின்பவை. புழுப் பருவத்தில்தான் வேட்டை.

நாம் பார்த்தது இந்தக் குடும்பத்தில் ஹெலோகாரஸ் என்ற பேரினம். எள்ளைவிடப் பெரியது, துவரம்பருப்பைவிடச் சிறியது. மங்கிய பழுப்பு நிறம். வாயோரத்து மீசை உணர்கொம்பைவிட நீளமாக இருப்பதால் அதையே உணர்கொம்பு என்று நினைத்துவிடுவார்கள். வலையைக் கோரைத் தூரில் உலுக்கி வெள்ளைத் தட்டில் கொட்டியபோது, ஒரு பெண் வண்டு வயிற்றுக்கு அடியில் முட்டைப் பையைச் சுமந்துகொண்டே தட்டின் ஓரமாக ஊர்ந்தது. மெல்லிய பட்டிழைப் பை, உள்ளே முட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. முட்டை பொரிகிற வரைக்கும் அதை இறக்கி வைக்காது. நீர்வண்டுகளில் வெகு சில பேரினங்களுக்கு மட்டுமே இந்தப் பழக்கம் உண்டு.

அப்புறம்தான் சிக்கல். ஹெலோகாரஸில் பல சிற்றினங்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பெண்ணை வைத்துக்கொண்டு உறுதியாகப் பெயர் சொல்ல முடியாது, ஆண் வேண்டும். ஆண் வண்டை வெந்நீரில் ஊறவைத்து, மெல்லிய ஊசியால் வயிற்றின் நுனியைத் திறந்து, இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சதையைக் கரைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நடுத்தண்டும் அதன் இருபக்கக் கிளைகளும் எப்படி வளைகின்றன, நுனி எப்படி முடிகிறது என்பதில்தான் சிற்றினத்தின் அடையாளம் இருக்கிறது. விலங்கியல் பேராசிரியர் ஒருவர் கல்லூரி ஆய்வகத்தில் இதைப் பொறுமையாகச் செய்து காட்டினார். நமக்குக் கிடைத்த ஒரு சில ஆண் வண்டுகளின் உறுப்பு, அச்சில் வந்த படங்கள் எதோடும் பொருந்தவில்லை.

உடனே “புதிய வண்டு கண்டுபிடிப்பு” என்று வாட்ஸ்அப்பில் போட்டவர்கள் உண்டு. பொறுக்கச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டார்கள். புதிய சிற்றினம் என்பது நாம் சொல்வதால் ஆகிவிடுவதில்லை. 1890இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் டேவிட் ஷார்ப் இலங்கை வண்டுகளை வைத்துப் பெயரிட்ட ஹெலோகாரஸ் சிற்றினங்கள் இருக்கின்றன. அவர் சேகரிப்பு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. நம் நாட்டு நீர்வண்டுகள் பலவற்றுக்குப் பெயரிட்ட பெல்ஜியப் பூச்சியியலாளர் டோர்ஷிமோனின் சேகரிப்பு பிரஸ்ஸல்ஸில் உள்ளது. அங்குள்ள மூல மாதிரிகளின், அதாவது பெயர் வைத்தபோது அடையாளமாகக் குறித்து வைத்த வண்டுகளின், படங்களை வரவழைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகுதான் வாயைத் திறக்கலாம். நம் வண்டை அங்கே அனுப்புவதற்குப் பல்லுயிர்ச் சட்ட விதிகள் இருக்கின்றன, பையில் போட்டுத் தபாலில் சேர்த்துவிட முடியாது.

ஒப்பிட்டு, வேறுதான் என்று உறுதியானால், ஓர் ஆண் வண்டை மூல மாதிரியாகக் குறித்து, மற்றவற்றைத் துணை மாதிரிகளாக வைத்து, எதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுதி ஆய்விதழில் வெளியிட வேண்டும். மூல மாதிரி எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2000 முதல் இது கட்டாயம். இணையத்தில் மட்டும் வருகிற இதழ் என்றால் 2012 முதல் ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவும் வேண்டும். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் போன்ற அரசு அறிவித்த இடத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். இத்தனையும் முடிகிற வரை நம் குறிப்பேட்டில் அது “ஹெலோகாரஸ், சிற்றினம் 1” மட்டுமே.

ஆனால் பெயர் வைப்பதற்கென்றே ஒரு கூட்டம் நடந்ததை இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஊர்ப் பெயரா, குலதெய்வத்தின் பெயரா, நன்கொடையாளர் பெயரா என்று மாலை முழுக்கப் பேசினோம். ஆண்டிலேயே அதிகம் பேர் வந்த கூட்டம் அதுதான். மழைக்கு முந்திய புழுக்கமான இரவுகளில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன் முன்னால் விளக்கு வைத்தால் இந்த வண்டுகள் பறந்து வரும். அந்த இரவுகளுக்கு வருகிறேன் என்று கை தூக்கியவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. காரணம் கேட்டால் கல்யாணம், காது குத்து, தறி ஓட்டம். இவையெல்லாம் எனக்கும்தான் இருக்கின்றன. வந்தவர்கள் இரண்டு கல்லூரி மாணவியர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பக்கத்துத் தோட்டத்து அய்யன். அவர் முதல் நாள் “ஏனுங்க, இந்தப் பூச்சியையா ராத்திரி பூரா புடிக்கறீங்க?” என்று கேட்டார். மறுநாள் அவரே மோட்டார் ரூமிலிருந்து விளக்குக்கு லைன் இழுத்துக் கொடுத்தார்.

இன்னொன்று. உறுப்பினர் ஒருவர் வேறு குட்டையிலிருந்து ஒரு பாட்டில் நிறைய வண்டு கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனதோடு செய்தது, மறுக்கவில்லை. ஆனால் எந்தக் குட்டை, என்ன தேதி, யார் பிடித்தது என்ற சீட்டு இல்லை. சீட்டில்லாத வண்டை ஆய்வுக்குச் சேர்த்துக்கொள்ள முடியாது. தயவுசெய்து பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்கள். வண்டைப் போட்டு வைக்கிற சாராயத்தில் (ஆல்கஹாலில்) பேனா மை கரைந்துவிடும்.

வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் தனியாகப் படிப்பார். சுருக்கமாகச் சொன்னால், கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு, கடன் இல்லை. வண்டு வேலைக்குச் சங்கப் பணத்தில் வாங்கியவை வலைத் துணியும் கண்ணாடிக் குப்பிகளும் மட்டுமே, ரசீது இருக்கிறது. பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி. சிலருக்கு இது இரண்டாவது ஆண்டு. பெயர்களை இங்கே படிக்கப் போவதில்லை; பட்டியல் பொருளாளரிடம் உள்ளது.

தலைவர் ஐயாவுக்கும், இடம் தந்த பள்ளித் தலைமையாசிரியருக்கும், பேராசிரியருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் குழுவினருக்கும் நன்றி.

வருகிற ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒரே குட்டையின் சில ஆண் வண்டுகளை வைத்துக் கட்டுரை எழுதினால் யாரும் ஏற்க மாட்டார்கள். வாய்க்காலை ஒட்டிய மற்றக் கசிவுக் குட்டைகளிலும் தேட வேண்டும். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவது பற்றி ஊரில் இரண்டு கருத்து உண்டு, இந்த அறிக்கையில் அதற்குள் போகவில்லை. ஆனால் கசிவு நின்றால் இந்தக் குட்டை நிற்காது என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். பொக்லைன் வைத்துக் கோரையை வழித்துக் கரையைச் செங்குத்தாக வெட்டும் திட்டமும் பேச்சில் இருக்கிறது. ஒரு பக்கக் கோரையையாவது விட்டுவைக்கும்படி சங்கத்தின் பெயரில் மனு எழுதியிருக்கிறேன். அதில் உறுப்பினர்கள் அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும்.

நமக்கென்று ஒரு ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பும் தேவை. ஒவ்வொரு வண்டுக்கும் கல்லூரி ஆய்வகம் திறக்கிற நேரம் பார்த்து நிற்க முடியவில்லை. பாக்கிச் சந்தா வந்தாலே அதில் பெரும்பங்கு தேறிவிடும் என்று பொருளாளர் சொல்கிறார். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். வண்டு வேலையைத் தொடர்வார் என்றால் போதும். யாரும் வராவிட்டால் நானே இருக்கிறேன், இரவு வேலைக்கு ஆள் வேண்டும். தண்ணீர் விட்ட அடுத்த வாரத்திலிருந்து விளக்கு வைக்கிறோம். வருபவர்கள் டார்ச்சும் பூட்ஸும் கொண்டுவரவும். பெயரை இன்றே மேசையிலுள்ள நோட்டில் எழுதிவிட்டுப் போகவும். சந்தா நோட்டும் அதே மேசையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்