மியூசிக் முறைக்குப் போகும் முன்

அன்புள்ள சண்முகம்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். மகளுக்குப் பரீட்சை முடிந்திருக்குமே, எப்படி எழுதினாளாம்?

உன் ரேடார் படத்தில் நிறுத்தி வைத்த கார் கூர்மையாக விழுகிறது, நடக்கிற ஆள் மட்டும் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிகிறார், மியூசிக் முறையை (நெருங்கிய கோணங்களைப் பிரித்துக் காட்டும் கணக்கு முறை) போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு அதைத் தொடாதே. அசையாத பொருள் ஒழுங்காக வந்து, அசைவது மட்டும் கெடுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது டாப்ளர் ஃபேஸ் திருத்தத்தைத்தான், அதாவது பொருள் நகர்வதால் அலையின் ஃபேஸில் (அலை தன் சுற்றில் நிற்கும் நிலை) சேரும் மாற்றத்தை நீக்குவது.

உன் போர்டில் ஏடபிள்யூஆர்2243 ரேடார் சிப் நான்கு. மொத்தம் 12 டிரான்ஸ்மிட்டர், 16 ரிசீவர், ஒரு டிரான்ஸ்மிட்டர்-ரிசீவர் ஜோடிக்கு ஒன்று வீதம் 192 மெய்நிகர் ஆன்டெனா. கிடைமட்டத்துக்கு உதவுவது 9 டிரான்ஸ்மிட்டர்தான். அவை தரும் 144 ஜோடிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுபவற்றைக் கழித்தால் 86 தனி இடங்கள் மிஞ்சும். அரை அலைநீளம் 1.95 மி.மீ. என்பதால் வரிசையின் நீளம் 16.6 செ.மீ., நேர் எதிரே பிரிதிறன் (இரு பொருளைத் தனித்தனியாகக் காட்டும் மிகச் சிறிய இடைவெளி) சுமார் 1.4 டிகிரி. 20 மீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய அரை மீட்டர் அகலம்.

இந்த 12 டிரான்ஸ்மிட்டரும் ஒரே நேரத்தில் சுடுவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சுடுகின்றன. உன் சிர்ப் (அதிர்வெண் ஏறிச் செல்லும் ஒரு துடிப்பு) இடைவெளி 20 மைக்ரோசெகண்ட். வினாடிக்கு 1.5 மீட்டர் நடக்கிற ஆள் அந்த இடைவெளியில் நகர்வது வெறும் 30 மைக்ரோமீட்டர்தான். ஆனால் 3.9 மி.மீ. அலைநீளத்தில், போய்வரும் பாதைக்கு, அது 5.5 டிகிரி ஃபேஸ். கடைசி டிரான்ஸ்மிட்டரின் முறை வரும்போது 61 டிகிரி சேர்ந்துவிடும். டிரான்ஸ்மிட்டர்கள் இடமிருந்து வலமாகச் சுட்டால் ஆள் பெரும்பாலும் வேறு கோணத்துக்கு நகர்ந்து தெரிவார். சுடும் வரிசை கலைந்திருந்தால் போலிப் புள்ளிகள் முளைக்கும். உன் படத்தில் இரண்டும் தெரிகின்றன.

திருத்தம் சுலபம். டாப்ளர் எஃப்எஃப்டி (சிக்னலை வேகவாரியாகப் பிரிக்கும் ஃபூரியே கணக்கு) முடிந்து, 192 சேனலின் ஆற்றலையும் ஃபேஸ் பார்க்காமல் கூட்டி, அதில் சிஃபார் (சுற்றியுள்ள இரைச்சலோடு ஒப்பிட்டு இலக்கைக் கண்டுபிடிக்கும் முறை) வைத்து இலக்கைப் பிடி. அந்த இலக்கின் டாப்ளரை வைத்து ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் உரிய ஃபேஸைத் திருப்பிச் சுழற்று. அதன் பிறகுதான் கோண எஃப்எஃப்டி. குறி மாறிப்போனால் பிழை இரட்டிப்பாகும், அந்த 61 டிகிரி 122 ஆகும். அதனால் ரேடாரை நோக்கி ஒருவரை நடக்கவிட்டு முதலில் குறியை உறுதிசெய்துகொள். சுடும் வரிசையையும் கான்ஃபிக் ஃபைலில் எழுதியிருப்பதை வைத்து எண்ணு. போர்டில் ஆன்டெனா இருக்கும் வரிசை அதுவாக இருக்க வேண்டியதில்லை.

வேகமான வண்டிக்கு இது மட்டும் போதாது. ஒரு சுற்றுக்கு 240 மைக்ரோசெகண்ட் ஆவதால், குழப்பமின்றி அளக்க முடிவது வினாடிக்கு 4 மீட்டர் வரைதான். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும் கார் 1.9 என்று மடிந்து தெரியும். அந்த 1.9-ஐ நம்பித் திருத்தினால் டிரான்ஸ்மிட்டருக்கு 30 டிகிரி வீதம் பிழை அப்படியே தங்கிவிடும். இங்கேதான் ஒரே இடத்தில் விழும் ஜோடிகள் கைகொடுக்கின்றன. ஒரே இடம், வெவ்வேறு நேரம் என்பதால் அவற்றுக்கிடையே உள்ள ஃபேஸ் வித்தியாசம் இயக்கத்தால் மட்டுமே வருவது. மடிப்பு எண்ணை (வேகம் எத்தனை முறை மடிந்தது என்பதை) ஒவ்வொன்றாக மாற்றித் திருத்திப் பார். எதில் அந்த வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டி வருகிறதோ அதுவே சரியான வேகம். அந்த ஜோடிகளை வீண் என்று நீ தூக்கியெறிந்திருக்கிறாய், திரும்பச் சேர்த்துக்கொள்.

காலிபிரேஷனை (சேனல்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை அளந்து சரிசெய்வது) ரிஃப்ளெக்டரை 5 மீட்டரில் வைத்துச் செய்தாயாமே. இந்த வரிசை நீளத்துக்குத் தொலைப்புலம் (அலைமுகத்தைத் தட்டை என்று கொள்ளக்கூடிய பகுதி) 14 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்குகிறது. இடம் இல்லையென்றால் 5 மீட்டரே இருக்கட்டும். ஆனால் எல்லா ஜோடிக்கும் ஒரே தூரம் என்று வைத்துக்கொள்ளாமல், டிரான்ஸ்மிட்டரிலிருந்து ரிஃப்ளெக்டர், அங்கிருந்து ரிசீவர் என்று பாதையைத் தனித்தனியாகக் கணக்கிட்டு அதன் ஃபேஸைக் கழி. 10 செ.மீ. விளிம்புள்ள முக்கோண கார்னர் ரிஃப்ளெக்டர் (அலையை வந்த திசையிலேயே திருப்பும் உலோக மூலை) போதும், எதிரொலிப் பரப்பு சுமார் 27 சதுர மீட்டர் கிடைக்கும். ஃபேஸோடு சேனலுக்குச் சேனல் மாறும் பீட் அதிர்வெண்ணையும் (அனுப்பிய அலைக்கும் திரும்பிய அலைக்கும் உள்ள அதிர்வெண் வித்தியாசம்) திருத்த வேண்டும், தாமதம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்காது. சிப்புகளுக்கிடையே ஓடுவது 20 கிகாஹெர்ட்ஸ் சிக்னல். அது உள்ளே நான்கால் பெருக்கப்படுவதால் பாதையில் 1 டிகிரி நகர்ந்தாலும் வெளியே 4 டிகிரி. போர்டு சூடேறி நிலைத்த பிறகே அளவெடு.

4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் பட்டையில் 3.75 செ.மீ. தூரப் பிரிதிறன் வருகிறது என்று மகிழ்ந்திருந்தாய். ஒரு சிக்கல் உண்டு. 60 டிகிரியில் இருக்கும் பொருளுக்கு வரிசையின் இரு முனைக்கும் தூர வித்தியாசம் 7.2 செ.மீ., கிட்டத்தட்ட இரண்டு பின் (bin, தூரத்தைப் பகுக்கும் கட்டம்). ஒரு பகுதி ஆன்டெனாவில் ஒரு பின்னிலும், மற்றவற்றில் பக்கத்துப் பின்னிலும் இலக்கு உட்கார்ந்திருக்கும். ஒரே பின்னை எடுத்துக் கோணம் பார்த்தால் ஓரத்தில் இருப்பதெல்லாம் மங்கும். அருகில் உள்ள காட்சிக்குப் பேக்-புரொஜெக்ஷன் (படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பாதைத் தூரத்தைத் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டும் முறை) போடு. நேரம் கட்டுப்படியாகவில்லையென்றால் பட்டையை 1 கிகாஹெர்ட்ஸாகக் குறைத்துவிடு; பின் 15 செ.மீ. ஆகும்போது இந்தத் தொல்லை பெருமளவு தணியும்.

இவ்வளவும் சரியான பிறகு மியூசிக் பற்றிப் பேசலாம். ஒரு ரேஞ்ச்-டாப்ளர் செல்லில் (ஒரு தூரமும் ஒரு வேகமும் சேர்ந்த கட்டம்) உனக்குக் கிடைப்பது ஒரே ஸ்னாப்ஷாட், அதாவது எல்லா ஆன்டெனாவிலும் ஒரு முறை எடுத்த அளவு; மியூசிக்குக்குப் பல வேண்டும். 86 இட வரிசையில் 50 ஆன்டெனா கொண்ட துண்டை ஒவ்வோர் இடமாக நகர்த்திச் சராசரி எடுத்தால் 37 துண்டுகள் கிடைக்கும். ஆனால் வரிசை சுருங்கி அடிப்படைப் பிரிதிறன் 2.3 டிகிரிக்கு இறங்கிவிடும். இழந்ததை மீட்கவே அல்காரிதம் பாதி உழைக்க வேண்டும், ஃபேஸ் பிழையும் மிச்சமிருந்தால் அது இல்லாத சிகரத்தைத்தான் கூர்மையாகக் காட்டும். ஒரே ஸ்னாப்ஷாட்டுக்கு ஐஏஏ முறை (திரும்பத் திரும்பக் கணக்கிட்டுக் கோணத்தைக் கூர்மையாக்குவது) எனக்கு மேலாகப் படுகிறது.

ரிஃப்ளெக்டரை 30 டிகிரியில் வைத்து ஒரு ஃபிரேம், ஆள் நடக்கும்போது பத்து ஃபிரேம், இரண்டின் கச்சா டேட்டாவையும் அனுப்பு. சிர்ப்புக்கு 256 சாம்பிள், 64 சுற்று என்றால் ஃபிரேம் ஒன்றுக்கு 12.6 எம்பிதான். கான்ஃபிக் ஃபைலையும் மறக்காமல் சேர்.

அன்புடன்,
இளங்கோ