மொட்டை மாடி சோலாரில் தவறான பிரேக்கர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் தொடங்கி, 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்ட பிறகு, மொட்டை மாடியில் பேனல் வைப்போர் பெருகி வருகிறார்கள். மின் பணி செய்பவன் என்ற முறையில் எனக்கு இதில் மகிழ்ச்சியே. ஆனால் பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே சுவரில் இருக்கும் சிறிய டி.சி. (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) பெட்டியில் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்பதை எவரும் பார்ப்பதில்லை.

அண்மையில் ஒரு வீட்டிலிருந்து, இன்வெர்ட்டர் நின்றுவிட்டது என்று அழைத்தார்கள். பேனலைக் கழுவுவதற்காக வீட்டுக்காரர் நடுப்பகலில் அந்தப் பெட்டியிலுள்ள பிரேக்கரை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை, அணைத்திருக்கிறார். உள்ளே சீறுகிற சத்தமும் கருகல் வாடையும் வந்திருக்கின்றன. நான் பார்த்தபோது பிரேக்கரின் ஒரு பக்கம் உப்பிப் பழுப்பேறி, அதன் பிடி பாதியில் இறுகி நின்றது. மேலே 240/415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. அதாவது, திசை மாறி மாறிப் பாயும் ஏ.சி. மின்சாரத்துக்காக வீட்டுக்குள் மாட்டும் சாதாரண பிரேக்கரை (எம்.சி.பி.), ஆறு பேனல்கள் தொடராகச் சேர்ந்து ஏறத்தாழ 300 வோல்ட் டி.சி. தரும் இடத்தில் மாட்டியிருந்தார்கள்.

நம் வீட்டு ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், பிரேக்கர் திறக்கும்போது எழும் தீப்பொறி அந்த இடைவெளியில் தானே அணைந்துவிடும். டி.சி.யில் அப்படிப்பட்ட இடைவெளியே கிடையாது. தீப்பொறியை இழுத்து நீட்டி, உலோகத் தகடுகளுக்குள் தள்ளித் துண்டாக்கிக் குளிர்வித்தால்தான் அது அணையும். அதற்காகவே டி.சி. பிரேக்கரில் பெரும்பாலும் காந்தம் வைத்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் இடங்கள் (போல்) இரண்டையோ நான்கையோ தொடராக இணைக்கிறார்கள்.

'இத்தனை நாள் நன்றாகத்தானே ஓடியது' என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரே வரிசைப் பேனலில் ஷார்ட் ஆனாலும் மின்னோட்டம் வழக்கத்தைவிடச் சற்றே கூடுவதால், அங்கே பிரேக்கர் தானாக டிரிப் ஆகாது. நாம் கையால் அணைக்கும்போது பத்திரமாகத் துண்டிப்பதே அதன் முக்கிய வேலை. தவறான பிரேக்கர் அந்த ஒரு நொடியில்தான் கைவிடுகிறது.

சரியான பிரேக்கரை வாங்கியும் தலைகீழாக மாட்டுகிறார்கள் என்பது இன்னொரு வேதனை. ப்ளஸ், மைனஸ் குறியிட்ட பிரேக்கரில் கம்பி மாறினால், காந்தம் தீப்பொறியைத் தகடுகளுக்குள் தள்ளாமல் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். பேட்டரியும் வைத்திருந்தால், அது சார்ஜ் ஆகும்போது ஒரு திசையிலும் செலவாகும்போது மறு திசையிலும் மின்னோட்டம் பாய்வதால், பேட்டரிப் பக்கத்தில் திசை பாராத பிரேக்கர்தான் வேண்டும். பேட்டரி 48 வோல்ட்தானே என்று அலட்சியம் செய்யக் கூடாது. பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும்.

எனவே, நெட் மீட்டர் (வாங்கும் மின்சாரத்தையும் திருப்பித் தரும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) பொருத்த வரும் அதிகாரிகள் டி.சி. பெட்டியையும் சோதித்த பிறகே இணைப்பு தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிரேக்கரில் அச்சிட்ட டி.சி. வோல்ட், குளிர்ந்த காலை நேரத்தில் பேனல் வரிசை தரும் உச்ச வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா, ப்ளஸ், மைனஸ் முனைகள் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்க்கச் சில நிமிடங்கள் போதும். வீட்டுக்காரர்கள் பெட்டியைத் திறக்க வேண்டாம்; ஈ.பி. மெயினை அணைத்தாலும் பகலில் அந்தக் கம்பிகளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். மூடி கண்ணாடிபோல் இருந்தால், எழுத்துகளை வெளியிலிருந்தே செல்போனில் படம் எடுத்து, விவரம் தெரிந்த மின் பணியாளரிடம் காட்டலாம்.

இப்படிக்கு,
மின் பணி ஒப்பந்தக்காரர் ஒருவர்
திருப்பூர் மாவட்டம்