கட்லெட் அல்ல, ஆசிரியர் அவர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், கிருஷ்ணகிரியில் புதிதாகத் திறந்திருக்கும் பழைய பாணி பர்கர் கடையைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. நண்பர்களோடு போய் உட்கார ஏற்ற இடம் என்று எழுதியிருந்தீர்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, சிவப்பு ரெக்சின் சோபா, காசு போட்டால் பாடும் பெட்டி என்று ஐந்து பத்தி. சாப்பாட்டுக்கு ஒரே வரிதான்: "பர்கரில் சமையல் என்று பெரிதாக என்ன இருக்கிறது, இரண்டு பன்னுக்கு நடுவே ஒரு கட்லெட்தானே." இந்த ஊர் ஓட்டல்களுக்கு பன் போட்டுக் கொடுக்கிறவர்கள் நாங்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

முதலில், அது இரண்டு பன் அல்ல. ஒரு பன்னைக் குறுக்கே அரிந்தது. ஒரு கிலோ மைதாவுக்குப் பாலும் தண்ணீருமாக அரை லிட்டர், சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 100 கிராம், முட்டை இரண்டு, உப்பு 18 கிராம், உலர் ஈஸ்ட் 10 கிராம். பிசைந்து ஒரு மணி நேரம் பொங்கவிட்டு, 80 கிராம் உருண்டைகளாகப் பிரித்தால் 22 பன் வரும். உருட்டிய பிறகு இன்னொரு முக்கால் மணி நேரம் பொங்க வேண்டும். அவசரப்பட்டு அதைக் குறைத்தால் அடுப்பில் பக்கவாட்டில் வெடித்துவிடும். அரிந்த முகத்தில் வெண்ணெய் தடவிக் கல்லில் சிவக்க வாட்டுவது அழகுக்காக அல்ல. அந்த வாட்டிய பரப்புதான் சாஸையும் கறிச் சாற்றையும் பன்னுக்குள் இறங்காமல் தடுக்கிறது. உங்கள் நிருபர் பாராட்டிய கடையில் பன்னை வாட்டவே இல்லை. நாங்கள் ஆறு பேராகப் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தோம். பாதி தின்பதற்குள் அடி பன் ஊறிக் கையோடு வந்துவிட்டது.

அடுத்தது அந்தக் கட்லெட். நிருபர் சாப்பிட்டது உருளைக்கிழங்கு பர்கர் என்றால் அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. அது கட்லெட்டுக்குத் தம்பிதான். அதற்கும் கிழங்கைத் தோலோடு வேகவைத்து, நன்றாக ஆறவிட்டுத்தான் மசிக்க வேண்டும். சூட்டோடு பிசைந்தால் பசையாகிவிடும்.

கோழி பேட்டிக்கு, அதாவது பன்னுக்கு நடுவே வைக்கிற அரைத்த கறி வட்டுக்கு, கணக்கே வேறு. நெஞ்சுக் கறியை மட்டும் அரைத்தால் வறண்டுபோகும், தொடைக் கறி சேர வேண்டும். ஆட்டுக்கறி என்றால் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு. உப்பை முன்கூட்டியே போட்டுப் பிசைந்தால் கறியின் புரதம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டி, வெந்ததும் ரப்பராக இழுக்கும். கல்லில் போடும்போது மேலே தூவினால் போதும். கறி வேகும்போது சுருங்கும் என்பதால் பன்னைவிட ஒரு சென்டிமீட்டர் அகலமாகத் தட்ட வேண்டும். கல்லில் போட்ட முதல் அரை நிமிடத்துக்குள் அழுத்தலாம். அதற்குப் பிறகு திருப்பியால் அழுத்துகிற ஒவ்வொரு முறையும் சாறுதான் வெளியே போகும். கோழியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைத்த கறியில் அது உள்ளே வரை கலந்துவிடுகிறது.

"நாற்பது நிமிடம் காத்திருந்தோம், பாட்டுக் கேட்டதில் நேரம் போனதே தெரியவில்லை" என்றும் எழுதியிருக்கிறார். ஏன் நாற்பது நிமிடம் என்று அவர் கேட்டிருக்கலாம். சின்னக் கல்லில் எட்டு குளிர்ந்த பேட்டிகளை ஒன்றாகப் போட்டால் கல்லின் சூடு விழுந்துவிடும். கறி சிவக்காமல் தன் தண்ணீரிலேயே வேகும். நான்கு நான்காகப் போடுகிறவர்தான் மாஸ்டர், நேரம் பிடிப்பது அதனால்தான். கூட்டமாகப் போகிறவர்களுக்கு அதைச் சொல்லுங்கள்: ஆறு பேர் என்றால் ஒரே வகையைச் சொல்வது நல்லது, ஃபிரைஸைப் பர்கரோடு சேர்த்துக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். பொரித்துப் பத்து நிமிடம் கிடந்தால் அது தொய்ந்துவிடும்.

அந்த ஃபிரைஸ் "நல்ல கருஞ்சிவப்பு" என்று வேறு பாராட்டு. கிழங்கைக் குளிர்பெட்டியில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, பொரித்ததும் கறுக்கும். இல்லாவிட்டால் எண்ணெய் பழையது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் சேரும் கழிவான துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்து நடப்பில் இருப்பது தாங்கள் அறியாததல்ல. நுரை அடங்காமல் நிற்பதும், காயும் முன்பே புகைவதும் மேசையிலிருந்து பார்த்தாலே தெரியும்.

பழைய பாணி என்கிறீர்கள். 1948இல் மெக்டொனால்டு சகோதரர்கள் அமெரிக்காவின் சான் பெர்னார்டினோ ஊரில் இருந்த தங்கள் கடையை மூடித் திறந்தபோது 25 வகைப் பட்டியலை ஒன்பதாகக் குறைத்தார்கள். அதனால்தான் 15 சென்டுக்கு ஹாம்பர்கர் தர முடிந்தது. இந்தக் கடையின் அட்டையில் 64 வகை இருக்கிறது. இத்தனை வகைக்கும் பொருளைப் புதிதாக வைத்திருக்க எந்தச் சமையலறையாலும் முடியாது.

இது முதல் முறையும் அல்ல. 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸை அரசு தடை செய்தபோது, "மயோனைஸுக்குத் தடை" என்று மட்டும் தலைப்புப் போட்டீர்கள். முட்டையில்லாத மயோனைஸ் வைத்திருந்த கடைக்காரர்கள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் விளக்கம் சொல்லி ஓய்ந்தார்கள். மாங்கனிக் கண்காட்சி சமயத்தில் வந்த மில்க் ஷேக் குறிப்பில், பெங்களூரா ரக மாங்கூழில் சூடான பாலை ஊற்றச் சொல்லியிருந்தீர்கள். புளிப்புள்ள கூழில் சூடான பால் திரிந்துபோகும் என்பது மாம்பழம் விளையும் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு தெரியும். ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி உங்கள் பத்திரிகையில் விலை விழும்போது மட்டும் செய்தியாகிறது. அதைக் கால் அங்குலத் தடிமனில் அரிந்து, உப்புத் தூவித் தண்ணீர் வடித்துப் பர்கருக்குள் வைத்தால் எப்படி இருக்கும் என்று யாரும் எழுதியதில்லை. உழைக்கிற கையைப் பற்றி எழுத உங்கள் பக்கத்தில் எப்போதும் இடமில்லாமல் போவதுதான் எங்கள் வருத்தம்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. அடுத்த வார இணைப்பில் "கட்லெட்" என்ற சொல்லுக்கு ஒரு வரித் திருத்தம் போடுங்கள். இனி உணவகக் கட்டுரைகளில், பாட்டுப்பெட்டியின் படத்துக்குப் பதிலாகக் குறுக்கே அரிந்த பர்கரின் படம் ஒன்றும், கடையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா என்ற குறிப்பும் வரட்டும்.

இப்படிக்கு,
பேக்கரித் தொழிலாளர்கள்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.